33 வயதில் புது ஒப்பந்தம்: வான் டைக்கை வைத்து ஒரு தடுப்பாட்டக்காரரின் கணக்கைப் புரிந்துகொள்வோம்

2025 ஏப்ரலில் லிவர்பூல் கிளப் தன் கேப்டன் விர்ஜில் வான் டைக்கின் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்தது. அவருக்கு அப்போது 33 முடிந்து 34 நெருங்கிக்கொண்டிருந்தது. கால்பந்தில் 30 வயதைத் தாண்டினாலே "இனி எத்தனை நாள்?" என்று கேட்பார்கள். அப்படியிருக்க, இங்கிலாந்தின் பெரிய கிளப் ஒன்று இந்த வயதுக்காரரைப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது ஏன் என்று பலருக்கும் குழப்பம்.

2018 ஜனவரியிலும் இதே மனிதரை வைத்து ஒரு கேள்வி எழுந்தது. லிவர்பூல் அவரை 75 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. ஒரு தடுப்பாட்டக்காரருக்கு உலகில் அதுவரை யாரும் கொடுக்காத விலை அது. கோல் போடுவது வேலையாக இல்லாத ஒருவருக்கு இவ்வளவு பணமா என்று அப்போது கேட்டார்கள்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தடுப்பாட்டக்காரரின் வேலையில் முக்கால்வாசி, நடக்காமல் போன விஷயங்களில் இருக்கிறது. போகாத பாஸ், அடிக்கப்படாத ஷாட், திறக்காத இடைவெளி. இந்தத் திறமை முதிர நாளாகும், கண்ணில் படவும் நாளாகும். ஆனால் ஒருமுறை கைவந்துவிட்டால் நீண்ட காலம் நிற்கும். வான் டைக்கின் வாழ்க்கையைப் படிப்படியாகப் பார்த்தால் இது புரியும்.

## முதலில், யார் எங்கே நிற்கிறார்கள்?

ஒரு அணியில் கோல்கீப்பருக்கு முன்னால் வழக்கமாக நான்கு பேர் தடுப்பு வரிசையில் நிற்பார்கள். ஓரங்களில் நிற்கும் இருவரும் ஃபுல் பேக். நடுவில் நிற்கும் இருவரும் சென்டர் பேக். வான் டைக் சென்டர் பேக். எதிரணியில் முன்னால் நின்று கோல் போடும் ஸ்ட்ரைக்கரை நேருக்கு நேர் சந்திப்பது, உயரே வரும் பந்துகளைத் தலையால் வெளியேற்றுவது, பின்னாலிருந்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது எல்லாம் இந்த இருவரின் பொறுப்பு.

இன்னும் இரண்டு சொற்கள் தெரிந்திருந்தால் போதும்.

1. டாக்கிள்: எதிராளியின் காலில் இருக்கும் பந்தைத் தன் காலை விட்டுப் பறிப்பது. வெற்றி பெற்றால் கைதட்டல் கிடைக்கும். தவறினால் எதிராளி தாண்டிப் போய்விடுவார், அல்லது ஃபவுல் ஆகும். கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள் ஃபவுல் என்றால் பெனால்டி.

2. ஆஃப்சைடு: பந்து பாஸ் ஆகும் நொடியில், தாக்கும் ஆட்டக்காரர் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி நிற்கக் கூடாது. அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர்தான். ஆகவே நடைமுறையில், தடுப்பு வரிசை எங்கே நிற்கிறதோ அங்கேதான் எதிரணியின் எல்லைக்கோடு விழுகிறது. வரிசை முன்னேறி நின்றால் எதிரணிக்கு ஆடும் இடம் சுருங்கும். ஆனால் பின்னால் பெரிய வெற்றிடம் திறந்து கிடக்கும். இப்படி முன்னேறி நிற்பதைத்தான் ஹை லைன் என்கிறார்கள்.

## டாக்கிள் குறைவாக இருந்தால் அது குறையா?

புள்ளிவிவரப் பட்டியலில் ஒருவருக்கு டாக்கிள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அவர் உழைக்கவில்லை என்று தோன்றும். சென்டர் பேக் விஷயத்தில் பல நேரம் கதை நேர்மாறாக இருக்கும். கபடி பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். ரெய்டு வருபவரை நோக்கி அவசரப்பட்டுப் பாய்கிறவர்தான் முதலில் வெளியே போவார். பொறுமையாக இடத்தை அடைத்து நின்று, ரெய்டரைத் தப்புப் பண்ண வைக்கிறவர் கடைசிவரை களத்தில் இருப்பார்.

வான் டைக்கின் ஆட்டத்தை விளக்க ஒரே ஒரு காட்சி போதும். 2019 மார்ச் 31, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம், எதிரணி டாட்டன்ஹாம். ஸ்கோர் 1-1. ஆட்டம் முடிய ஐந்தே நிமிடம். மான்செஸ்டர் சிட்டியோடு பட்டத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்த லிவர்பூலுக்கு ஒவ்வொரு புள்ளியும் முக்கியம். அந்த நேரத்தில் டாட்டன்ஹாம் திடீரென்று எதிர்த்தாக்குதலில் பாய்கிறது. பந்து மூசா சிசோகோவிடம். பக்கத்தில் இணையாக ஓடி வருகிறார் சன் ஹியுங் மின். எதிரே வான் டைக் மட்டும்.

இரண்டு பேருக்கு ஒருவர். என்ன செய்வது? சிசோகோவை நோக்கிப் பாய்ந்தால் பந்து சன்னிடம் போகும். சன் கோல் அடிப்பதில் கெட்டிக்காரர், கிட்டத்தட்ட கோல்தான். சன்னை ஒட்டியே நின்றால் சிசோகோ நேராகக் கோலை நோக்கிப் போய்விடுவார். வான் டைக் இரண்டையும் செய்யவில்லை. இருவருக்கும் நடுவில் பாஸ் போகும் பாதையை உடம்பால் மறித்தபடி பின்னோக்கியே ஓடினார். கால் நீட்டவில்லை. சிசோகோ பந்தோடு பெட்டியை நெருங்கினார். பாஸ் கொடுக்க வழியில்லை, தானே அடித்தாக வேண்டும், அதுவும் பழக்கமில்லாத இடது காலால். அந்தக் கடைசி நொடியில்தான் வான் டைக் அவரை நோக்கி நெருங்கினார். பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது.

இதில் டாக்கிள் கிடையாது. பட்டியலில் எழுத ஒன்றுமே கிடையாது. ஆனால் சன்னுக்குப் பாஸ் போகாமல் பார்த்துக்கொண்டது, சிசோகோவைப் பலவீனமான காலுக்குத் தள்ளியது எல்லாமே யோசித்துச் செய்தது. ஆட்டத்துக்குப் பின் வான் டைக்கே அப்படித்தான் விளக்கினார். 90ஆவது நிமிடத்தில் டாட்டன்ஹாமின் ஆல்டர்வெய்ரெல்டு மேல் பட்டுப் பந்து அவர்கள் கோலுக்குள்ளேயே போக, லிவர்பூல் 2-1 என்று வென்றது. மறுநாள் பேச்சு முழுக்கக் கடைசி நிமிடக் கோலைப் பற்றி இருக்கலாம். என்னைக் கேட்டால் ஆட்டம் வெல்லப்பட்டது அந்த 85ஆவது நிமிடத்தில்.

## ஏன் இவ்வளவு தாமதம்?

தாக்குதல் ஆட்டக்காரர் 18 வயதில் இரண்டு கோல் போட்டால் உலகத்துக்கே தெரிந்துவிடும். சென்டர் பேக்குக்கு அந்த வசதி இல்லை. வான் டைக்கின் ஆரம்ப வருடங்கள் இதற்கு நல்ல சாட்சி.

நெதர்லாந்தின் பிரெடா நகரில் 1991 ஜூலை 8 அன்று பிறந்தவர். தாய் சுரினாம் வம்சாவளி. வில்லெம் 2 கிளப்பின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தார். பதின்ம வயதில் உயரம் குறைவு, வேகமும் அப்படி ஒன்றும் இல்லை. பிரெடாவில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலையும் செய்துகொண்டிருந்தார். பிறகு குறுகிய காலத்தில் கிடுகிடுவென்று வளர்ந்தார். அந்த வளர்ச்சியோடு மூட்டு வலியும் சேர்ந்தே வந்தது. சொந்தக் கிளப்பில் இடம் உறுதியாகாத நிலையில், 2010இல் க்ரோனிங்கன் கிளப் அவரை டிரான்ஸ்ஃபர் தொகை எதுவும் இல்லாமல் எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் உலகிலேயே விலை உயர்ந்த தடுப்பாட்டக்காரர், அன்றைக்குச் சும்மா கிடைத்தார்.

2012இல், 20 வயதில், குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் தொற்று பரவி, உயிருக்கே ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் கிடந்தார். அதிலிருந்து மீண்டு வந்துதான் மற்றதெல்லாம்.

2013இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அவரைச் சுமார் 2.6 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. அங்கே ஆடிய இரண்டு சீசனிலும் லீக் பட்டம். அப்படியும் 2014 உலகக் கோப்பை நெதர்லாந்து அணியில் இடமில்லை. ஸ்காட்டிஷ் லீக் சுலபமானது, அங்கே நன்றாக ஆடுவதை வைத்து எடை போட முடியாது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. நாட்டு அணிக்கு முதல்முறை ஆடியது 2015 அக்டோபரில், 24 வயதில். அந்த வயதில் பல ஸ்ட்ரைக்கர்கள் தங்கள் இரண்டாவது பெரிய ஒப்பந்தத்தில் இருப்பார்கள்.

தாமதம் வான் டைக்குக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று நான் நினைக்கவில்லை. சென்டர் பேக் கற்க வேண்டியதெல்லாம் ஆட்டம் ஆடி ஆடி, அடி வாங்கி வாங்கித்தான் வரும். ஸ்ட்ரைக்கரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, எப்போது வரிசையை விட்டு வெளியே வர வேண்டும், எப்போது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதை எந்தப் பயிற்சி மைதானமும் முழுசாகக் கற்றுத்தராது. அதோடு இளம் ஸ்ட்ரைக்கரின் தவறு ஒரு வாய்ப்பு வீணாவதோடு முடியும். இளம் சென்டர் பேக்கின் தவறு கோலாகும். எந்த மேனேஜரும் யோசித்துத்தான் களமிறக்குவார்.

## விலை எப்படி ஏறியது, பணம் யாருக்குப் போனது?

2015இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அவரைச் சுமார் 13 மில்லியன் பவுண்டுக்கு எடுத்தது. செல்டிக் கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு. அங்கே கேப்டன் ஆனார். 2017 ஜனவரியில் பட்ட காயத்தால் அந்த சீசனின் மிச்சத்தைத் தவறவிட்டார். அப்புறம் வந்தது அந்தக் கோடைக்கால இழுபறி. சவுத்தாம்ப்டனின் அனுமதி இல்லாமல் லிவர்பூல் அவரை அணுகியதாகச் சர்ச்சை எழ, 2017 ஜூனில் லிவர்பூல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு விலகியது. ஆறு மாதம் கழித்து அதே கிளப் 75 மில்லியனோடு திரும்பி வந்தது. சவுத்தாம்ப்டன் கொடுத்ததைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விதியைச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்ஃபர் தொகை முழுக்க விற்கும் கிளப்புக்கே போவதில்லை. ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடியும் முன் ஒரு ஆட்டக்காரர் நாடு மாறி விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். கணக்கு இப்படி:

1. 12 முதல் 15 வயது வரையிலான ஒவ்வொரு வருடத்துக்கும் தொகையில் 0.25 சதவீதம்.
2. 16 முதல் 23 வயது வரையிலான ஒவ்வொரு வருடத்துக்கும் 0.5 சதவீதம்.

சிறுவயதில் பந்து கற்றுக்கொடுத்த சின்னக் கிளப்புகளுக்கு இது பெரிய உதவி. 13 மில்லியனில் 5 சதவீதம் என்றால் 6.5 லட்சம் பவுண்டு. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் கால்பந்தில் தனித்தனி சங்கங்கள் என்பதால் 2015 விற்பனை இந்த விதிக்குள் வரும்.

ஆனால் 75 மில்லியன் விற்பனை வராது. சவுத்தாம்ப்டன், லிவர்பூல் இரண்டும் இங்கிலாந்துக்குள்ளேயே இருப்பவை. ஒரே நாட்டுக்குள் நடக்கும் விற்பனையிலும் வெளிநாட்டுப் பயிற்சிக் கிளப்புக்குப் பங்கு உண்டு என்று ஃபிஃபா விதியை மாற்றியது 2020 ஜூலையில்தான். இரண்டரை வருட வித்தியாசத்தில் நெதர்லாந்துக் கிளப்புகள் அந்தப் பெரிய தொகையின் பங்கைத் தவறவிட்டன. அவரை வளர்த்தவர்களுக்கு இது நியாயமான முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை. விதி மாறியது நல்லது.

## 75 மில்லியனுக்கு என்ன கிடைத்தது?

அறிமுக ஆட்டத்திலேயே, 2018 ஜனவரி 5 அன்று எவர்ட்டனுக்கு எதிராக, தலையால் முட்டி வெற்றி கோல் போட்டார். ரசிகர்களுக்கு அது கொண்டாட்டம். ஆனால் அவரை வாங்கிய காரணம் அடுத்த சீசனின் கணக்கில்தான் தெரிந்தது. 2017-18 லீக்கில் எதிரணிகள் லிவர்பூலுக்கு எதிராகப் போட்ட கோல்கள் 38. 2018-19இல் 22.

இந்த 16 கோல் வித்தியாசம் முழுவதையும் ஒரே ஆளின் கணக்கில் எழுதக் கூடாது. 2018 கோடையில் அலிசன் என்ற மிகச்சிறந்த கோல்கீப்பரும் வந்து சேர்ந்தார். ஆனால் வான் டைக் வந்ததால் அணியின் அமைப்பே மாற முடிந்தது. மேனேஜர் யூர்கன் க்ளாப்புக்கு ஹை லைன் வேண்டும். பந்தை இழந்த இடத்திலேயே அதைத் திரும்பப் பறிப்பது அவருடைய பாணி. அதற்கு எல்லோரும் முன்னேறி நிற்க வேண்டும். பின்னால் திறந்து கிடக்கும் வெற்றிடத்தைக் காக்க, நீண்ட காலடி வைத்து ஓடக்கூடிய, தனியாக ஒருவரைச் சமாளிக்கப் பயப்படாத சென்டர் பேக் வேண்டும். அந்த ஆள் கிடைத்ததும் ஃபுல் பேக்குகளான ஆண்டி ராபர்ட்சனும் ட்ரென்ட் அலெக்சாண்டர் ஆர்னால்டும் கவலையில்லாமல் எதிரணிப் பக்கம் ஏறி ஆடினார்கள். அவர்கள் கொடுத்த பாஸ்களில் எத்தனையோ கோல்கள் வந்தன. தடுப்பாட்டக்காரருக்குக் கொடுத்த பணம் இப்படித் தாக்குதலிலும் வட்டியோடு திரும்பியது.

2019 ஜூனில் மாட்ரிட்டில் டாட்டன்ஹாமை 2-0 என்று வென்று, ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக். 2019-20இல் 38 லீக் ஆட்டத்திலும் ஒரு நிமிடம் விடாமல் ஆடி, கிளப்பின் 30 வருட லீக் பட்டக் காத்திருப்பை முடித்துவைத்தார். 2019இல் இங்கிலாந்தில் ஆடும் ஆட்டக்காரர்கள் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த வீரர் விருது. 2005இல் ஜான் டெர்ரிக்குப் பிறகு அதை வென்ற முதல் தடுப்பாட்டக்காரர் அவர்தான்.

அதே வருடம், உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருதில் மெஸ்ஸிக்கு 686 புள்ளி, வான் டைக்குக்கு 679. வெறும் 7 புள்ளியில் போனது. அந்த விருதை இதுவரை வென்ற தடுப்பாட்டக்காரர்கள் மூன்றே பேர்: பெக்கன்பவர் 1972, 1976இல், சாமர் 1996இல், கன்னவாரோ 2006இல். நடக்காமல் போனதற்கு ஓட்டுப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்தச் சின்னப் பட்டியலே சொல்லும்.

## அவர் இல்லாதபோது தெரிந்த மதிப்பு

2020 அக்டோபர் 17, எவர்ட்டனின் குடிசன் பார்க் மைதானம். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் எதிரணிக் கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டு பாய்ந்ததில் வான் டைக்கின் வலது முழங்கால் சிக்கியது. கிழிந்தது முன்புறக் குறுக்குத் தசைநார். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் பிணைத்து, கால் திரும்பும்போது மூட்டு நழுவாமல் பிடித்திருப்பது இதுதான். ஓடி வந்து சட்டென்று திரும்புவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இது இல்லாமல் ஆட முடியாது. அறுவை சிகிச்சை, பிறகு மாதக்கணக்கில் தசையைத் திரும்பக் கட்டும் பயிற்சி. 285 நாள் கழித்து, 2021 ஜூலை 29 அன்று ஒரு நட்பு ஆட்டத்தில்தான் மீண்டும் களமிறங்கினார். இடையில் நாட்டு அணிகளின் ஐரோப்பியக் கோப்பை போய்விட்டது.

அவர் இல்லாத அந்த சீசனில் மற்ற சென்டர் பேக்குகளான ஜோ கோமஸ், ஜோயல் மாட்டிப் இருவரும் காயமடைந்தார்கள். நடுக்கள ஆட்டக்காரர்களான ஃபாபின்யோவும் ஹெண்டர்சனும் தடுப்பு வரிசைக்கு இழுக்கப்பட்டார்கள். பின்னால் ஒரு ஓட்டையை அடைக்கப் போய் நடுவில் இரண்டு ஓட்டை விழுந்தது. லீக்கில் சொந்த மைதானத்தில் 68 ஆட்டம் தோற்காமல் இருந்த அணி, 2021இல் அதே ஆன்ஃபீல்டில் தொடர்ச்சியாக ஆறு ஆட்டம் தோற்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2022-23இல் வான் டைக் இருந்தும் லிவர்பூல் 47 கோல் வாங்கி ஐந்தாவது இடத்துக்கு இறங்கியது. அவர் காலம் முடிந்தது என்று அப்போது பலர் எழுதினார்கள். முன்னால் நடுக்களம் களைத்துப்போய், பந்தை வைத்திருக்கும் எதிராளியை யாரும் நெருக்காமல் விட்டால், எந்த சென்டர் பேக்கும் திணறத்தான் செய்வார். 2023 கோடையில் நடுக்களத்தைக் கிளப் மாற்றியது, அவரையும் கேப்டன் ஆக்கியது. 2024 பிப்ரவரியில், லீக் பட்டத்திலிருந்து வேறான லீக் கோப்பை என்ற போட்டியின் இறுதி ஆட்டத்தின் 118ஆவது நிமிடத்தில், செல்சிக்கு எதிராக அவர் தலையால் போட்ட ஒரே கோலில் கோப்பை வந்தது. 2025இல் புது மேனேஜர் ஆர்னே ஸ்லாட்டின் கீழ் லீக் பட்டமும்.

## அப்படியானால் 30க்குப் பிறகு என்ன ஆகிறது?

வயது ஏறும்போது முதலில் குறைவது உடனடி வேகம். ஓரங்களில் தாக்கி ஆடும், எதிராளியைத் தாண்டிப் போவதை நம்பியிருக்கும் விங்கர்களுக்கு அதுதான் மூலதனம். சென்டர் பேக்குக்கு நிலைமை கொஞ்சம் வேறு.

1. ஒரு ஆட்டத்தில் முழு வேகத்தில் அவர் ஓட வேண்டிய தடவைகள் குறைவு. முன்கூட்டியே சரியான இடத்தில் நிற்பவருக்கு இன்னும் குறைவு.
2. உயரமும் எகிறும் நேரக் கணிப்பும் வேகத்தைப் போலச் சீக்கிரம் கரைவதில்லை.
3. வரிசையை முன்னே ஏற்று, பின்னே இறக்கு என்று குரல் கொடுத்து நடத்துவது அனுபவத்தோடு மெருகேறும்.

ஃபுல் பேக்குகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. இன்றைய ஆட்டத்தில் அவர்கள் விங்கர் அளவுக்கே ஓடுகிறார்கள். ஏசி மிலானின் பாவ்லோ மால்டினி இடது ஃபுல் பேக்காகத் தொடங்கி, வயது ஏறியபோது நடுவுக்கு நகர்ந்தார். 2007இல் 38 வயதில் சாம்பியன்ஸ் லீக் வென்றார், 40 வயதில்தான் ஓய்வு பெற்றார். நடுவுக்கு நகர்ந்திராவிட்டால் அவ்வளவு தூரம் வந்திருப்பது கடினம்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. அணி ஹை லைன் ஆடும்போது பின்னால் விழும் பந்துக்கு 22 வயது ஸ்ட்ரைக்கரோடு ஓடிப் பிடிக்க வேண்டி வரும். ஒரு எட்டு பின்தங்கினாலும் கோல். அதனால் வயதான சென்டர் பேக்கை வைத்திருக்கும் அணி, வரிசையைச் சற்றுப் பின்னே இறக்குவதா, பக்கத்தில் வேகமான ஜோடியைப் போடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். ஒப்பந்தத்தை நீட்டிக்கும்போது கிளப் போடும் கணக்கில் இதுவும் ஒன்று.

வான் டைக்கின் ஒப்பந்தம் 2027 கோடையில் முடிகிறது, அவருடைய 36ஆவது பிறந்தநாளை ஒட்டி. பிரேசிலின் தியாகோ சில்வா ஏறக்குறைய அதே வயதில், 2020 ஆகஸ்டில், செல்சிக்கு வந்து சேர்ந்தார். ஒன்பது மாதத்தில் சாம்பியன்ஸ் லீக் பதக்கம் வாங்கினார். அங்கிருந்து கிளம்பும்போது அவருக்கு 39.